மொத்தம் ஒரு வெள்ளி பத்துக் காசு

ஜாலான் புசாரில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் நிலையம்.
வானொலி என்று சொல்ல முடியாது,
வானமே இல்லை அதில்.
கம்பியில் வரும் குரல்.
வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி, மாதம் ஐந்து வெள்ளி.
திருகினால் சத்தம் கூடும் குறையும்,
வேறு நிலையம் மட்டும் கிடைக்காது.

முதலாளி வதீஹ் தன்னூஸ்.
வெள்ளைக்காரர் என்றது கொப்பிக்கடை,
யூதர் என்றது சந்தை.
உரிமத் தாளில் இனம் கேட்ட கட்டத்தில்
அவர் லெபனான் என்று எழுத,
குமாஸ்தா சிவப்பில் அடித்து
மற்றவர் என்று திருத்தினார்.
"எவ்வளவு பெரிய குடும்பம் பார், மிஸ் தவமணி!"
என்று வருஷக்கணக்கில் சிரித்தார் அதற்கு.

அப்பா பூத்ரோஸ்
தோல்பெட்டியில் லேசும் பொத்தானும் ஜெபமாலையுமாகக்
காத்தோங் முதல் புக்கித் தீமா வரை
முப்பத்தெட்டு வருஷம் கதவு தட்டியவர்.
விரல் முட்டிகள் காய்த்துப் போயிருக்கும்.
மகன் கம்பி இழுக்கிறான் என்றதும் கேட்டாராம்:
"தட்டாமல் வீட்டுக்குள் நுழைவது ஒன்று காற்று,
இல்லையென்றால் திருடன். நீ எது?"
"மாதாமாதம் ரசீது கொடுக்கிற காற்று"
என்றாராம் இவர்.

திருடனும் வந்தான் ஒருவன்.
பக்கத்து வீட்டுக் கம்பியில் கொண்டை ஊசியைக் குத்தி
ஆறு மாதம் ஓசியில் குதிரைப் பந்தயம் கேட்டவன்.
பிடித்து வந்து நிறுத்தினார்கள்.
ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்.

தியோச்சியூ கூத்து, மலாய்ப் பந்துன்,
ஆங்கிலத்தில் கப்பல் வரவு,
தமிழில் நான்: வெங்காயம், பருப்பு, மரண அறிவித்தல்.
அரபு?
கேட்டேன் ஒருமுறை.
"அரபு பேசி நம் பெட்டியும் வைத்திருப்பது மூன்று வீடு.
மூன்று வீட்டுக்கு மைக் திறந்தால்
கரண்டு பில்லை நீ கட்டுவாயா?"

மௌனத்துக்கு அபராதம் வினாடிக்குப் பத்துக் காசு.
பிஸ்கட் டின்னில் சேரும்,
டின் நிறைந்தால் எல்லோருக்கும் கொப்பி.
இசைத்தட்டு தேய்ந்தோ நாக்கு குழறியோ
கொப்பி குடிக்காத வாரமே இல்லை எங்களுக்கு.

அந்தச் செவ்வாய் சாயங்காலம்
ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார்.
க்ரோஞ்சோங் தட்டு முடிகிற நேரம்.
என்னை எழுந்திருக்கச் சொல்லி உட்கார்ந்தார்.
மைக்கைத் தன் பக்கம் திருப்பி
ஒரு வார்த்தை சொன்னார்.
எனக்குப் புரியவில்லை. சின்ன வார்த்தை.
பிறகு வாய் திறந்தபடியே இருந்தது.
நான் சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
பதினொன்றில் அவரே அடுத்த தட்டைச் சுழற்றிவிட்டார்.

தொலைபேசி அலறியது.
கேலாங்கிலிருந்து: பெட்டி செத்துப்போச்சு.
தேக்காவிலிருந்து: காசு வாங்கத் தெரியுதில்ல?
கம்பிக் கோளாறுங்க, கம்பிக் கோளாறு, என்றேன்
பதினாறு பேரிடம்.
பதினேழாவது ஒரு பெண், புக்கித் தீமாவிலிருந்து,
மலாயில், மெதுவாக:
"எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?"

பதிவேட்டில் எழுதினேன்.
நேரம் 7.42.
நிகழ்ச்சி: ஒரு கோடு.
மொழி என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை
பதிவேட்டைப் புரட்டினார்.
அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.
பேனாவை எடுக்கவில்லை.
சில்லறை எண்ணி டின்னில் போட்டார்,
ஒரு வெள்ளி பத்துக் காசு.

"ஒரு வார்த்தை பேசினீர்களே, சார்.
அதைக் கழித்துக்கொள்ளலாம்."
"அதைக் கழித்துத்தான் பதினொன்று."

டின் நிறைந்துவிட்டது.
கீழே போய்க் கொப்பி வாங்கி வந்தான்
கொண்டை ஊசிக்காரன்.
குடித்தோம்.
அன்றைக்குச் சீனி கொஞ்சம் அதிகம்.